இரட்டை வேகம்

அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேனர் என்று பட்டப்பெயர். அது ஒரு வாடிக்கையாளர் சேவை மையம். அங்கே மற்றவர்கள் பேசிச் சம்பளம் வாங்கினார்கள், அவள் கேட்டுச் சம்பளம் வாங்கினாள். புகார் சொல்லி போன் செய்கிறவர்களுக்கு ஊழியர்கள் சொல்லும் பதில்கள் எல்லாம் பதிவாகி அவள் பிரிவுக்கு வந்து சேரும். மரியாதையாகப் பேசினார்களா, மழுப்பினார்களா, பேச்சுக்கு நடுவே பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார்களா என்று கேட்டு மதிப்பெண் போடுவது அவள் வேலை. கண்ணடித்ததைக்கூடக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். ஒருமுறை, 'இந்தப் பெண் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்' என்று குறிப்பு எழுதினாள். மேலாளர் போய் விசாரித்தால் அப்படியே இருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர்.

மலைபோல் வந்து குவியும் பதிவுகளை ஆற அமரக் கேட்டால் வேலை ஒருநாளும் முடியாது. ஆகவே அந்தப் பிரிவில் எல்லோரும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பார்கள். ஆரம்பத்தில் அவளுக்கு அது குருவிகள் சண்டை போடுவதுபோல இருந்தது. போகப் போகக் காது பழகிவிட்டது. காது மட்டுமா, ஆளே பழகிவிட்டாள். கடையில் விற்பனையாளர் ஒரு மிக்ஸியின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தால், வேகத்தைக் கூட்டும் பொத்தான் இவர் நெற்றியில் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்ப்பாள். தோழிகள் ஏதாவது கதை சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே புகுந்து முடிவைச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவதால் அவர்களுக்கு இன்னும் எரிச்சல்.

அவளுடைய அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவள் வேலை பார்த்த நகரத்திலிருந்து ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில் அவரும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். வேனில் வரும் பிள்ளைகள் அவரை ரேடியோ மாமா என்பார்கள். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்புகிறதோ இல்லையோ, அவர் வாய் கிளம்பிவிடும். மூச்சு விடுவதற்குக்கூட நிறுத்தாமல் அப்படி ஒரு வேகம். எதிரில் இருப்பவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். நல்லவேளை, வண்டியை மட்டும் நிதானமாக ஓட்டுவார்.

மகள் வேலைக்குப் போன புதிதில், நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலதிகாரி முறைக்கத் தொடங்கியதும் அவள், "வேலை நேரத்துல போன எடுக்க முடியாதுப்பா. சொல்ல வேண்டியத வாய்ஸ்ல அனுப்பிடுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றாள். ஊருக்கு வந்தபோது போனில் எந்தப் படத்தை அழுத்திப் பிடித்துப் பேச வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தாள். அவரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அவளைப் போனில் கூப்பிட்டதே இல்லை. மதியம் பள்ளி விடுவதற்கு முன்னாலேயே போய் வேனை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, மகளிடம் பேசத் தொடங்குவார். பிரேக் கீச்சிடுவதைப் பற்றிச் சொல்வார். குழாய் ஒழுகுவதற்காக வீட்டுக்காரரிடம் அம்மா சண்டைக்குப் போனதையும், பின்சீட்டுக் குட்டிப் பெண் விழுந்த பல்லை வேனுக்குள் தொலைத்துவிட்டு ஊரையே கூட்டியதையும் சொல்வார். கடைசியில், "சரி பாப்பா, பெல் அடிச்சாச்சு, வச்சிடறேன்" என்பார், அந்தப் பக்கம் ஒரு ஆள் காதில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல.

அந்தப் பக்கத்து ஆள் சாயங்காலம் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்பாள், இரட்டை வேகத்தில். கேட்டு முடித்ததும் ஒரு கட்டைவிரலோ, சிரிக்கிற முகமோ, இதயமோ அனுப்புவாள். அவளுக்குப் பாசம் இல்லை என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. ஒரு நாள்கூட அவர் குரலைக் கேட்காமல் விட்டவள் இல்லை.

அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். விடுமுறை நாட்களில் அதில் கூப்பிட்டு அம்மாவுடன் பேசுவாள். "உங்கப்பா இங்கதான் நிக்கிறார், குடுக்கட்டுமா?" என்று அம்மா கேட்பாள். அவர்தான் தினமும் பேசுகிறாரே, அவரிடம் தனியாக வேறு என்ன பேசுவது என்று, "வாய்ஸ் எல்லாம் கேட்டுட்டேன்னு சொல்லும்மா" என்பாள். அதைக் கேட்டே அவர் திருப்தியாக நகர்ந்துவிடுவாராம்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அப்பாவின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஸ்கேனருக்கே சில இடங்கள் பிடிபடாது. திரும்பவும் பின்னால் போய்க் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த வருடம் கோடை முடிந்த பிறகு அவருடைய பேச்சு மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக வந்து விழுந்தன. ஒரே தடவையில் எல்லாம் புரிந்தது. அப்பாவுக்கு இப்போதுதான் போனில் பேசவே வந்திருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரியிடம் பெருமையாகச் சொன்னாள். செய்திகளின் நீளம் கூடிக்கொண்டே போனதையும் கவனித்தாள். வயதாக ஆகப் பேச்சு கூடும்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் அவர், "வண்டியில பசங்க என்ன மாதிரியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டறாங்க பாப்பா. ரேடியோவுக்கு பேட்டரி போச்சாம்" என்று சொல்லியிருந்தார். பிள்ளைகளின் குறும்பை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினாள்.

அதற்கு அடுத்த வாரம் வந்த ஒன்றில் பிரேக் இல்லை, குழாய் இல்லை, பிள்ளைகள் இல்லை. "பாப்பா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் பேசறது உனக்கு எப்படிக் கேக்குது? முன்ன மாதிரி இருக்கா? பாத்து சொல்லு." அவ்வளவுதான். ரயிலில் அன்று நெருக்கியடித்துக் கூட்டம். போனில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுகிறார் போலிருக்கிறது என்று எண்ணினாள். பாவம், ஆசையாகக் கேட்கிறாரே என்று வழக்கமான கட்டைவிரலை விட்டுவிட்டு எழுத்தாகவே அனுப்பினாள்: 'சூப்பரா கேக்குதுப்பா. முன்னாடிய விட இப்பதான் ரொம்பத் தெளிவா பேசறீங்க.' உடனே அவரிடமிருந்து ஒரு இதயம் வந்தது.

மழைக்காலம் பாதி போயிருந்தபோது, பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனிலிருந்து இறங்கிய அப்பா அப்படியே கீழே சாய்ந்தார். பள்ளிக் காவலாளிதான் ஓடிவந்து தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வலது கையும் காலும் வேலை செய்யவில்லை, வாயில் பேச்சு வரவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். மகள் கிடைத்த ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்தாள்.

ஜன்னலோரக் கட்டிலில் அப்பா கிடந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. மறுபாதி தனக்குச் சம்பந்தம் இல்லாததுபோல் இருந்தது. பேசாமல் கிடக்கும் அப்பாவை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூட எதையாவது முணுமுணுக்கிற மனிதர் அவர்.

டாக்டரம்மா அம்மாவையும் மகளையும் தன் அறைக்கு அழைத்து, பேச்சில் எப்போதிலிருந்து மாற்றம் தெரிந்தது என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். மாற்றமே இல்லை, எல்லாம் திடீரென்று நடந்ததுதான் என்றாள். "நான் தினமும் அவர் குரலக் கேக்கறேன் டாக்டர். குரலக் கேக்கறதுதான் என் வேலையே. விழறதுக்கு முந்தின நாள் வரைக்கும் தெளிவா பேசினார்."

டாக்டர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, திரையில் இருந்த படத்தைக் காட்டினார். மூளையில் கட்டி. ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ வந்தது இல்லை. அது உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் முதலில் பேச்சுதான் மந்தமாகியிருக்க வேண்டும், வார்த்தை வர நேரமாகியிருக்க வேண்டும் என்றார். சிறியதாக இருந்தபோதே வந்திருந்தால் பயமில்லாமல் எடுத்திருக்கலாம். இனி நாளைக் காலையிலேயே தலையைத் திறந்து எடுத்தாக வேண்டும், ஆபத்து அதிகம்தான் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அம்மா தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு மகளையே பார்த்தாள்.

வெளியே வந்து நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தபோது மகளுக்கு டாக்டர்மேல் கோபமாக இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு என்னவெல்லாமோ பேசுகிறார்கள், தினமும் கேட்டவளுக்குத் தெரியாதா என்று பொருமினாள். அம்மா அவள் கையிலிருந்த போனையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் குரலக் கொஞ்சம் போடேன். வீடே ஊமையான மாதிரி இருக்கு" என்றாள்.

மகள் கடைசியாக வந்ததை எடுத்து அழுத்தினாள். அப்பா பேசினார். டயர் மாற்ற வேண்டும், அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது பழசு" என்றாள்.

"இல்லம்மா. விழறதுக்கு முந்தின நாள் அனுப்பினது."

"போடி. அவர் இப்படிப் பேசி மாசக்கணக்காச்சு."

அவள் திரையைப் பார்த்தாள். ஓரத்தில் சின்னதாக இரண்டு என்ற எண் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி தெரியாததுபோல் அவளுக்கு அது தெரியாமல் போயிருந்தது. விரலால் அதைத் தொட்டு ஒன்றுக்குக் கொண்டுவந்தாள்.

"பா... ப்பா..." என்றது போன். பிறகு ஒன்றுமில்லை. எங்கோ ஒரு ஹாரன் கேட்டது. யாரோ வேனைத் தட்டிவிட்டுப் போனார்கள். "ட... யர்..." என்றது. சுமை தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவர் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவதுபோல அப்பா ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்றார். தேடினார். கிடைக்காததை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தார். நான்கு வார்த்தைச் செய்திக்கு மனிதர் என்ன பாடுபட்டிருக்கிறார். அம்மா, "ஆமா, இதுதான்" என்றாள்.

மகளால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க் கேட்டாள். பின்னால் போகப் போக அப்பா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தார். பிள்ளைகள் இழுத்துப் பேசிக் காட்டியதைச் சொல்லும் இடத்தில் அவர் சிரிக்க முயன்றிருந்தார், அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது. நான் பேசுவது எப்படிக் கேட்கிறது என்று கேட்ட இடத்தில் குரல் நடுங்கியது. இவ்வளவும் அவளுக்கு இப்போது துல்லியமாகக் கேட்டது. கோடையின் கடைசியில் வந்த ஒன்றில், ஒரு சொல்லின் நடுவே மயிரிழை அளவு ஒரு தயக்கம். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது, அவளுக்குத் தெரிந்திருக்கும். முன்பின் தெரியாத ஒருத்தி அழுதுவிட்டு வந்ததைக் குரலில் கண்டுபிடித்தவள் அவள்.

"நான் அப்பவே டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னேன்" என்றாள் அம்மா. குற்றம் சொல்லும் குரலே இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல்தான். "பாப்பா தினமும் கேக்கறா, அவளுக்குத் தெரியாததா, முதல்ல அவகிட்ட கேக்கறேன்னார். நீ எதையாவது சொல்லி அவள பயமுறுத்தாதன்னு என் வாயையும் அடைச்சிட்டார். நீ பதில் போட்டதும் எனக்குப் படிச்சுக் காட்டினார். குழந்தை மாதிரி சந்தோஷம். நீயே சொன்னப்புறம் நானும் விட்டுட்டேன்." பிறகு நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "ஏண்டி அப்படி எழுதின?"

இரட்டை வேகம் என்றால் என்ன என்று மகள் விளக்கினாள். ஒரு நிமிடப் பேச்சை அரை நிமிடத்தில் கேட்டுவிடலாம் என்றாள். அம்மா யோசித்தாள்.

"அப்பா பேசறத எதுக்கு சீக்கிரம் முடிக்கணும்?"

மகள் எழுந்தாள். அழுகைகூட வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பா இருந்த அறைக்குப் போனாள். அவரிடம் சொல்லிவிட வேண்டும், காலைக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது.

வாசலில் நர்ஸ் அவளை நிறுத்தினார். "எல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்லத்தான் நேரமாகும். ஒரு வார்த்தை வந்தாலும் வரலாம், அவசரப்படுத்தாம இருங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்க பேசி அனுப்பினத எல்லாம் நான் வேகமா ஓடவிட்டுத்தான் கேட்டேன். அதனாலதான் நீங்க மெதுவா பேசறது எனக்குத் தெரியல. நீங்க கேட்டப்பகூட நல்லா இருக்குன்னு எழுதிட்டேன். நான் ஒழுங்கா கேட்டிருந்தா நீங்க இப்படிப் படுத்திருக்க மாட்டீங்க. எம்மேலதாம்ப்பா தப்பு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது என்பது கண்ணில் தெரிந்தது. இடது கை விரல்கள் அவள் கைக்குள் அசைந்தன. வாய் திறந்தது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு, பிரிந்து, மறுபடியும் ஒட்டியது. ஒரு சத்தம் வந்தது, எழுத்தாகவில்லை. அவர் கண்ணை மூடித் திறந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவள் காத்திருந்தாள். காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்த மௌனத்தை அவளால் தாங்க முடியவில்லை. என்ன வரப்போகிறதோ என்று பயமாக இருந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாரோ, பரவாயில்லை பாப்பா என்பாரோ, இரண்டில் எது வந்தாலும் தாங்க முடியாது என்றிருந்தது. அவர் நெற்றி வியர்த்தது. இவ்வளவு சிரமப்படுத்துகிறோமே என்ற தவிப்பு வேறு.

"தண்ணி வேணுமாப்பா?" என்றாள்.

அவர் மெதுவாக இல்லையென்று தலையசைத்தார். வந்த சத்தம் அறுந்து போனது. மறுபடியும் வாயைக் கூட்டினார்.

"தலகாணிய உயர்த்தி வைக்கட்டுமா? வலிக்குதா? நர்ஸக் கூப்பிடட்டுமா?"

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கொண்டுவந்தது கலைந்தது. கலைந்ததைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினார். "ம்..." என்றார். அதற்குமேல் ஏதோ வரத்தான் செய்தது, உதடு அதற்காகக் குவிந்தது.

"வெளிச்சம் கண்ணுல அடிக்குதாப்பா? அதுதானே?"

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்தார்.

அப்பாடா என்று அவள் துள்ளி எழுந்தாள். திரைச்சீலையை முழுக்க இழுத்துவிட்டாள். அப்பாவின் ஆசை என்னவென்று கண்டுபிடித்துவிட்ட நிம்மதியோடு திரும்பினால், அவர் கண்ணை மூடியிருக்கவில்லை. அவள் எழுந்துபோன நாற்காலியைப் பார்த்தபடி கிடந்தார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் அவர் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா கண் விழிக்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து சொல்வதற்கு முன்னாலேயே அவர் நடந்து வந்த விதத்தில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் மகள் போட்டாள். அதற்குப் பிறகு இருவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மகளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நேத்து உன்கிட்ட என்னமோ பேச வந்தாரே, நான் வாசல்ல இருந்து பாத்தேன்" என்றாள். "வாய் திறந்து ஏதோ வந்த மாதிரி இருந்துச்சே. என்னடி சொன்னார்?"

கவலைப்படாதே என்று சொன்னார் என்று சொல்லிவிடலாம். உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று சொல்லலாம். கடைசி வார்த்தைக்காக ஏங்கி அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு வார்த்தை வர வெகுநேரம் ஆயிற்று. அம்மா குறுக்கே எதுவும் கேட்காமல், அவசரப்படுத்தாமல், வருகிறவரைக்கும் காத்திருந்தாள்.

"நான் சொல்ல விடலம்மா" என்றாள்.